சிவப்பு மூடிப் போத்தல்

சிவமயம்

மானிப்பாய்,
03.05.1999, திங்கட்கிழமை.

அன்புள்ள அழகையாவுக்கு,

உமக்கும் தவமணிக்கும் பிள்ளை நிஷாந்தினிக்கும் அம்பாள் துணை நிற்கட்டும். சுகம் விசாரிப்பதைப் பிறகு வைத்துக்கொள்வோம். கடிதத்தை இந்த இடத்தில் நிறுத்திவிட்டு எழும்பிப் போய், சிவப்பு மூடிப் போத்தலை எடுத்துத் தவமணிக்கு இரண்டு மாத்திரை கொடும். விரதமா, காப்பா, நல்ல நேரமா என்றெல்லாம் பார்க்க வேண்டாம். அவள் விழுங்கியதைக் கண்ணால் பார்த்துவிட்டு வந்து மிச்சத்தைப் படியும்.

கொடுத்துவிட்டீர் என்று நம்பி எழுதுகிறேன்.

உமது ஏப்ரல் 12ஆம் திகதிக் கடிதம் இன்று காலைதான் என் கைக்கு வந்தது. பதுளையில் இருந்து மானிப்பாய்க்கு இருபத்தொரு நாள். நடந்து வந்திருந்தாலும் இதைவிட முந்தியிருக்கும். யுத்தத்தில் தரைப்பாதை மூடிக் கிடக்கிறது, கப்பல் வந்தால்தான் எங்களுக்குத் தபால். முதல் பக்கத்தைச் சந்தோஷமாகத்தான் படித்தேன். தவமணி நிறை குறையாமல் கொழுந்து பறிக்கிறாள், பிள்ளை முதலாம் வகுப்புக்குப் போகிறாள், என் குவாட்டர்ஸ் முற்றத்துத் தோடை மரம் காய்த்திருக்கிறது என்றெல்லாம் எழுதியிருந்தீர். பக்கத்தைத் திருப்பியதும் உடனே பேனாவை எடுத்தேன். நீர் எழுதியதை உமக்கே திருப்பி எழுதுகிறேன். என்ன எழுதினோம் என்று நீரும் ஒருமுறை பாரும்.

"ஐயா, தவமணி இந்த வருசம் தீ மிதிக்கிறேன்னு ஆத்தாவுக்கு நேந்துகிட்டா. ரெண்டு வருசமா ஆத்தா மாத்திரைதானே அவ உசுரைக் காப்பாத்துது. மே மாசம் நாலாந்தேதி காப்புக் கட்டு, பதினாலாந்தேதி வெள்ளிக்கிழமை சாயந்தரம் தீ மிதி. காப்புக் கட்டினா ஆத்தாவே அவ உடம்புக்குள்ள வந்துர்றா, உள்ள இருக்கிறவளுக்கு வெளியில இருந்து மருந்து குடுக்கிறது குத்தம்னு பூசாரி சொல்றாரு. அதனால சிவப்பு மூடிப் போத்தலைக் கோயில்ல ஆத்தா காலடியில வச்சிட்டு, அத்தனை நாளும் தொடாம இருக்கப் போறோம். நீல மூடியை நிறுத்த மாட்டோங்க. அது ஆஸ்பத்திரி மருந்துதானே."

சிவப்பு மூடியும் ஆஸ்பத்திரி மருந்துதான், அழகையா. ஆத்தாள் மருந்து என்று சொன்னது நான். அது பொய்.

நாளைக்குக் காப்புக் கட்டு. இந்தக் கடிதம் அதற்கு முன் வந்து சேராது. தீ மிதிக்கு முன்னாவது வரவேண்டும் என்பதுதான் இப்போது என் வேண்டுதல். வியாழக்கிழமை ஒரு கப்பல் திருகோணமலைக்குப் போகிறது என்கிறார்கள். எங்கள் ஒழுங்கையில் பிரவீணன் என்று ஒரு பெடியன், பதுளையில் பாங்கு வேலை, அந்தக் கப்பலில் இடம் கிடைத்திருக்கிறது. அவன் கையில் கொடுத்துவிடப் போகிறேன். எனக்கே இடம் கேட்டுப் பார்த்தேன். நான் அம்மாவின் செத்தவீட்டுக்கென்று மார்ச்சில் வந்தவன். மூத்த மகன் அந்தியேட்டி முடியாமல் படலை தாண்டக்கூடாது என்று சொந்தக்காரர் மறித்தார்கள். முப்பத்தொரு நாள் இருந்து முடித்தேன். அதற்குள் கப்பலேற இராணுவம் தந்த பாஸ் காலாவதியாகிவிட்டது. இனி என் முறை ஜூன் 2ஆம் திகதி. காப்புக் கட்டினால் எல்லை தாண்டக்கூடாது என்று சொல்வது உங்கள் பூசாரி மட்டுமில்லை, அதைத்தான் சொல்ல வருகிறேன்.

இனி நான் உமக்கு முன்பே சொல்லியிருக்க வேண்டிய கதையைச் சொல்கிறேன். நெல்லிமலைத் தோட்டத்து டிஸ்பென்சரியில் பதினாறு வருடம் மருந்து கொடுத்தவன் நான். ஒருவருக்கும் ஏன், எதற்கு என்று விளக்கம் சொன்னதில்லை. விழுங்கு என்பேன், விழுங்குவார்கள். அந்தத் திமிர்தான் இன்றைக்கு வந்து நிற்கிறது.

1993 ஐப்பசி மழை உமக்கு மறந்திருக்காது. நிஷாந்தினி லயத்து அறையிலேயே பிறந்துவிட்டாள், நச்சுக்கொடி விழவில்லை. கொழுந்து லொறியில் தவமணியைப் போட்டுக்கொண்டு புறப்பட்டோம். ஸ்பிரிங்வெளிப் பக்கத்தில் மண் சரிந்து இரண்டு மணித்தியாலம் நின்றோம். நான் அவளுடைய அடிவயிற்றை அமுக்கிக்கொண்டே இருந்தேன். லொறியில் கிடந்த சாக்கெல்லாம் நனைந்துவிட்டது. பதுளையில் இரத்தம் ஏற்றிக் காப்பாற்றினார்கள். தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள் என்று நீர் தோட்டத்துக்கே கற்கண்டு கொடுத்தீர். நானும் வாங்கித் தின்றேன்.

அந்த இரண்டு மணித்தியாலத்தில் அவளுக்குள் ஒன்று செத்துப்போயிற்று. அது ஒருவருக்கும் தெரியவில்லை. மூளைக்கு அடியில் ஒரு கடலைப் பருப்பளவில் ஒரு சுரப்பி இருக்கிறது. டொக்டர்மார் பிட்யூட்டரி என்பார்கள். கர்ப்ப காலத்தில் அது பெருத்திருக்கும், அதற்கு இரத்தம் நிறைய வேண்டும். உடம்பில் இரத்தம் வடிந்தபோது அதற்குக் கிடைக்காமல் கருகிப்போயிற்று.

கடலையளவு சாமான் செத்தால் என்ன என்று கேட்பீர். பெரட்டை நினைத்துப் பாரும். விடியற்காலையில் பெரட்டுக் களத்தில் முந்நூறு பேர் நிற்கிறீர்கள். கொழுந்துக்கு இத்தனை பேர், செடி வெட்டுகிற கவ்வாத்துக்கு இத்தனை பேர், தேயிலை ஸ்டோருக்கு இத்தனை பேர் என்று கணக்கப்பிள்ளை பெயர் கூப்பிட்டுப் பிரித்துவிடுகிறார். ஒரு நாள் கணக்கப்பிள்ளை வரவில்லை, கூப்பிட ஆளில்லை. உங்களில் ஒருவருக்கும் கை கால் முடமாகவில்லை. ஆனாலும் அன்றைக்கு மலையில் ஒரு கொழுந்து இறங்காது. உடம்பிலும் அப்படித்தான். கழுத்தில் ஒரு சுரப்பி, இரண்டு சிறுநீரகத்தின் மேலும் தொப்பி வைத்தது போல இரண்டு சுரப்பி, பெண்ணுக்குக் கருப்பையின் இரு பக்கமும் இரண்டு. எல்லாம் நல்லபடி இருக்கின்றன. அவற்றைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறது அந்தக் கடலையளவுச் சுரப்பி. இரத்தத்தில் ஒரு சாற்றை அனுப்பித்தான் கூப்பிடும். ஓமோன் என்று பிள்ளை நாளைக்கு விஞ்ஞானப் புத்தகத்தில் படிப்பாள். கூப்பிட ஆளில்லாமல் எல்லாம் சும்மா நின்றன.

அதனால்தான் அவளுக்கு ஒரு சொட்டுப் பால் வரவில்லை, பிள்ளை ரின்பாலில் வளர்ந்தாள். மாதச் சுகவீனம் திரும்பி வரவேயில்லை. வெயிலில் நின்றும் கம்பளி போர்த்தினாள். குரல் தடித்தது, புருவம் கொட்டியது, முகம் வெளிறிச் சுருங்கியது. பெயர் கூப்பிட்டால் இரண்டாம் தரம்தான் நிமிர்ந்து பார்ப்பாள். லயத்தில் சோம்பேறி என்றார்கள், பிறகு பேய் என்றார்கள். நான் இரத்தம் பத்தாது என்று நாலு வருடம் இரும்பு மாத்திரை கொடுத்தேன். பேய் என்று சொன்னவர்களுக்கும் எனக்கும் பெரிய வித்தியாசம் இல்லை.

97இல் பதுளையில் அந்தப் பெரிய டொக்டர் அவளைப் பார்த்துவிட்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்டார், பிள்ளைக்குப் பால் கொடுத்தாயா என்று. இல்லைங்க என்றாள். அவர் பேனாவை வைத்துவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வை இன்னும் எனக்குச் சுடுகிறது.

போத்தல் இரண்டும் அன்று வந்தவை. மூடிக்கு நிறம் பூசினவன் நான். சிவப்பு மூடியில் இருப்பது சிறுநீரகத்தின் மேலிருக்கும் சுரப்பி செய்ய வேண்டிய சாறு. காய்ச்சல், காயம், பட்டினி, பயம், எது வந்தாலும் உடம்பைத் தாங்கிப் பிடிப்பது அதுதான். நீல மூடியில் இருப்பது கழுத்துச் சுரப்பியின் சாறு, அது ஆளைச் சுறுசுறுப்பாக்கும். சிவப்புத்தான் முதலில், அது வயிற்றில் இறங்கிய பிறகுதான் நீலம் என்று டொக்டர் மூன்று தரம் சொன்னார். நீலம் வேலை வாங்கும், சிவப்பு அந்த வேலைக்குச் சோறு போடும். சோறில்லாமல் வேலை வாங்கினால் ஆள் விழுந்துவிடும், அழகையா.

நீங்கள் கேட்கவில்லை. உடம்பு கொஞ்சம் தேறியதும் இரண்டாம் மாதமே தவமணி சிவப்பை நிறுத்திவிட்டாள், நீலத்தை மட்டும் விழுங்கினாள். அவள் ஏழாம் நம்பர் மலையில் கூடையோடு விழுந்து கிடந்ததும், நீர் தோளில் போட்டு ஓடி வந்ததும் ஞாபகமிருக்கும். ஏசிப் பார்த்தேன், பலிக்கவில்லை. அதன் பிறகுதான் எனக்கு அந்தக் கெட்டிக்காரத்தனம் வந்தது. சிவப்பு மூடியைக் கோயிலுக்குக் கொண்டுபோய், ஊர் பார்க்க ஆத்தாள் காலடியில் வைத்து, பூசாரியைக் கொண்டு திருநீறு போடுவித்து, இது ஆத்தாள் தருகிற மருந்து, விடிந்ததும் விளக்கேற்றி இதை முதலில் விழுங்கு, தேத்தண்ணீர் குடித்து முடிந்த பிறகு மற்றதை எடு என்றேன். இரண்டு வருடம் ஒரு நாள் தவறவில்லை. பதுளை டொக்டரிடம் இதைப் பெருமையாகச் சொன்னேன். அவரும் சிரித்தார்.

தன்வினை தன்னைச் சுடும் என்பார்கள். என் வினை உம்முடைய பெண்சாதியைச் சுடப் பார்க்கிறது.

நாலு வருடம் மாத்திரை இல்லாமல் இருந்தவள்தானே, பத்து நாளில் என்ன வந்துவிடும் என்று நீர் நினைப்பீர். அந்த நாலு வருடம் நீல மூடி இல்லை, அவள் உடம்பு மெதுவாகக் கிடந்தது, கொஞ்சத்தை வைத்துக்கொண்டு கொஞ்சமாக வாழ்ந்தாள். இப்போது அப்படி இல்லை. நீலம் உள்ளே இருந்து விரட்டிக்கொண்டிருக்கும். அதோடு ஒரு நேரச் சாப்பாடு, பச்சைத் தண்ணீர்க் குளிப்பு, நெருப்பு. சிவப்பு மட்டும் இல்லை.

இன்னொன்றும் இருக்கிறது. காப்புக் கட்டியவர் தீ மிதி முடியும்வரை தோட்ட எல்லை தாண்டக்கூடாது என்பது உங்கள் வழக்கம். 6ஆம் திகதி பதுளையில் அவளுக்குக் கிளினிக். நீர் அதற்குக் கூட்டிப் போக மாட்டீர் என்று தெரியும். அவள் மயங்கி விழுந்தாலும் எல்லைக் கல்லைத் தாண்ட யோசிப்பீரே, அதுதான் என் பயம்.

இன்னொரு பொய் சொல்லி இதை நிறுத்த எனக்கு வழி தெரியாமலில்லை. ஆத்தாள் கனவில் வந்தாள் என்று நாலு வரி எழுதினால் பூசாரி மறுபேச்சுப் பேச மாட்டார். எழுத மாட்டேன். ஒரு பொய்யின் மேல் இன்னொன்றை அடுக்கினால் அது எங்கே போய் விழும் என்று பார்த்துவிட்டேன். உமக்கு அறிவு இருக்கிறது, எட்டாம் வகுப்பு படித்திருக்கிறீர், உண்மையைச் சொன்னால் விளங்கிக்கொள்வீர் என்று நம்பி இவ்வளவும் எழுதினேன். விரதம் இருக்கட்டும், மஞ்சள் உடுக்கட்டும், கோயிலைச் சுற்றட்டும். மாத்திரையை மட்டும் நிறுத்த வேண்டாம்.

05.05.1999, புதன்.

கடிதத்தை ஒட்டவில்லை. நாளைய கப்பல் இல்லையாம். கடல் சரியில்லை என்று ஒருவர், கடலில் ஒன்றுமில்லை வேறு காரணம் என்று இன்னொருவர். சனிக்கிழமை என்கிறார்கள்.

இன்று யாழ்ப்பாணம் தபாற்கந்தோருக்குப் போய் மூன்று மணித்தியாலம் வரிசையில் நின்று தோட்ட ஆபீசுக்குத் தொலைபேசி எடுத்தேன். லைன் செத்துக் கிடக்கிறது. மலையில் இரண்டு நாள் மழை பெய்தால் அப்படித்தான் என்று எனக்குத் தெரியாதா. தந்தியும் கொடுத்தேன். எப்போது போய்ச் சேரும் என்று கேட்டேன். அந்த மனுசன் பாவம், என் முகத்தைப் பார்க்காமல், சொல்லேலாது ஐயா என்றார்.

நேற்றுக் காப்புக் கட்டியிருப்பீர்கள். எனக்குப் பதிலாக வருகிற ஹுமைத் டிஸ்பென்சர் செவ்வாயும் வெள்ளியும் உங்கள் பிரிவுக்கு வருவார். நல்ல பெடியன், ஆனால் அவருக்குத் தவமணியின் கதை தெரியாது. போகும்போது சொல்ல நினைத்தேன். அம்மா செத்த செய்தி வந்த பதற்றத்தில் சொல்லாமல் பஸ் ஏறிவிட்டேன். அவருக்கு ஒரு சீட்டு இத்துடன் வைத்திருக்கிறேன், கையில் கொடும்.

இங்கே வீட்டில் நான் தனியே. அம்மாவின் உடுப்புகளை யாருக்குக் கொடுப்பது என்று தெரியாமல் அப்படியே மடித்து வைத்திருக்கிறேன். கிணற்றில் தண்ணீர் குறைந்துவிட்டது. பகலில் வெயில் மண்டையைப் பிளக்கிறது, ஆறு மணிக்குப் பிறகு ஒழுங்கையில் சனமில்லை.

08.05.1999, சனி.

கப்பல் இன்றும் போகவில்லை. பிரவீணன் பெட்டியோடு போய்விட்டுத் திரும்பி வந்தான். புதன்கிழமை பின்னேரம் நிச்சயம் என்கிறான். அப்படியானால் வியாழன் காலை திருகோணமலை, அங்கிருந்து பஸ், வெள்ளி மத்தியானத்துக்குள் பதுளை. தீ மிதி வெள்ளி பின்னேரம். கணக்குப் பார்த்தால் சரி வருகிறது. வழியில் சோதனையில் மறிக்கக்கூடாது, பஸ் தப்பக்கூடாது, மழையில் ரோட்டு சரியக்கூடாது. இத்தனை "கூடாது" சேர்ந்த கணக்கு இது.

தொலைபேசி இன்னும் செத்துத்தான் கிடக்கிறது.

காப்புக் கட்டி நாலு நாள் ஆகிறது. நாலு நாளில் பெரிதாக ஒன்றும் வராது, சோர்வு மட்டும்தான் இருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். நீரும் கவனியும். பசி இல்லை என்பாள். நின்றால் தலை சுற்றும். உள்ளங்கை குளிர்ந்து வியர்க்கும். கேட்டதற்குப் பிந்திப் பதில் சொல்வாள். வாந்தி எடுத்தால் அது கடைசி மணி. அதற்குப் பிறகு மாத்திரை வயிற்றில் நிற்காது, ஊசிதான். ஒரு நிமிடம் தாமதிக்காமல் பதுளைக்குக் கொண்டுபோம்.

11.05.1999, செவ்வாய்.

அழகையா, உமது இரண்டாவது கடிதம் இன்று பத்து மணிக்கு வந்தது. ஏப்ரல் 28இல் போட்டது. முதல் கடிதத்துக்கு இருபத்தொரு நாள், இதற்குப் பதின்மூன்று நாள். நான் அதை வாசலில் நின்றபடியே படித்தேன். பிறகு எவ்வளவு நேரம் அங்கேயே நின்றேன் என்று தெரியவில்லை. அடுத்த வீட்டு ஜெயமலர் வந்து, அண்ணை ஏன் வெயிலுக்கை நிக்கிறியள் என்று கேட்ட பிறகுதான் உள்ளே வந்தேன்.

காப்பு அன்றைக்கு நிறுத்துவதாகத்தான் முதலில் எழுதியிருந்தீர். தீயில் இறங்குகிறவருக்கு இருபத்தொரு நாள் விரதம் வேண்டும் என்று பூசாரி சொன்னதால், ஏப்ரல் 23இலேயே போத்தலைக் கோயிலில் வைத்துவிட்டோம் என்று இப்போது எழுதியிருக்கிறீர். இன்றைக்குப் பத்தொன்பதாம் நாள். நான் இங்கே நாலு நாள், ஐந்து நாள் என்று விரலை மடக்கிக்கொண்டிருந்திருக்கிறேன்.

அதற்குக் கீழே நீர் எழுதியிருப்பதை என்னால் மறக்க முடியாது.

"நேத்து ராத்திரி பூசையில தவமணிக்கு ஆத்தா இறங்கிட்டாங்க ஐயா. ஆடல்லே, கத்தல்லே. அப்படியே கண்ணு சொருகி, உடம்பெல்லாம் ஐஸ் மாதிரி குளுந்து, வேர்வையா கொட்டி, பஞ்சு மாதிரி என் மேல சாஞ்சிட்டா. கொஞ்சம் வாந்தியும் எடுத்தா. இவ்வளவு சாந்தமா ஆத்தா இறங்கிப் பார்த்ததே இல்லைன்னு பூசாரி அவ கால்ல விழுந்து கும்பிட்டாரு. இப்பல்லாம் அவளுக்குச் சோறே வேணாம்ங்கிறா. பகல்லயும் தூக்கம்தான். தொந்தரவு பண்ணாதீங்க, அது ஆத்தா தூக்கம்னு சொல்லிட்டாங்க. நீல மூடியை மட்டும் நானே எழுப்பிக் குடுக்கிறேன். அவளைப் பேய்னு சொன்னவங்கல்லாம் வரிசையில நின்னு திருநீறு வாங்குறாங்க. எனக்கு எவ்வளவு பெருமையா இருக்குன்னு ஐயாவுக்குத்தான் எழுதணும்னு தோணுச்சு."

நீரே எழுப்பிக் கொடுக்கிறீர். ஐயோ, அழகையா.

அது ஆத்தாள் இல்லை. அது சர்க்கரையும் இரத்த அழுத்தமும் இறங்கிப்போன உடம்பு. உம்மைக் கோபித்து என்ன பயன். என்னைச் செருப்பால் அடிக்க வேண்டும். அவளுடைய உயிர் எந்தப் போத்தலில் இருக்கிறது என்று சொல்லாமல், சாமி பெயரை அதன் மேல் ஒட்டிவிட்டுப் போனவன் நான்தான்.

இப்போது செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். நீல மூடியைத் தொட வேண்டாம். சிவப்பில் நாலு மாத்திரை, சீனியும் உப்பும் போட்ட தண்ணீரோடு கொடும். வாந்தி இருந்தாலோ, கூப்பிட்டும் எழும்பாவிட்டாலோ மாத்திரைக்கு மினக்கெட வேண்டாம். கொழுந்து லொறியோ டிராக்டரோ கிடைத்ததில் போட்டுப் பதுளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோம். கிளினிக் அட்டையின் முதல் பக்கத்தில் என்ன ஊசி போட வேண்டும் என்று டொக்டர் பெரிதாக எழுதியிருக்கிறார், அதை வாசலிலேயே காட்டும். எந்த நிலையிலும் அவளை நெருப்பில் இறக்கிவிடாதேயும்.

எழுத மாட்டேன் என்று சொன்னதையும் எழுதிவிட்டேன். இந்தக் கட்டின் மேல் சிவப்பு மையில் தனியாக ஒரு தாள் வைத்திருக்கிறேன். அது பூசாரிக்கு. ஆத்தாள் என் கனவில் வந்து, என் பிள்ளைக்கு நான் கொடுத்த மருந்தை யார் பறித்தது என்று கேட்டாள், பதுளை ஆஸ்பத்திரி வாசல்வரை என் எல்லைதான் என்றாள் என்று எழுதியிருக்கிறேன். நான் ஒரு கனவும் காணவில்லை. ஒரு வாரமாக எனக்கு நித்திரையே இல்லை. அந்தத் தாளைப் பூசாரியிடம் கொடும், மற்றத் தாள்களை நீர் வைத்துக்கொள்ளும். உண்மைக்கு ஆயிரம் சொல் எழுதிய பிறகு ஒரு பொய்யை நம்பித்தான் கடிதத்தை அனுப்புகிறேன். எனக்கு வெட்கமில்லை. அவள் பிழைத்தால் நான் ஆயுள் முழுக்கப் பொய்யனாக இருந்துவிட்டுப் போகிறேன்.

பிரவீணன் நாளைக்குப் பின்னேரம் கப்பல் ஏறுகிறான். வீட்டுக்குப் போகாமல் நேரே நெல்லிமலைக்குப் போகிறேன் மாமா என்று என் கையைப் பிடித்துச் சொன்னான். உம்முடைய லயத்துக்கு வழி கீறிக் கொடுத்திருக்கிறேன். அவன் வருகிற நேரம் கோயிலில் பறைச் சத்தம் கேட்டுக்கொண்டிருக்கும். உம்மை அங்கே தேடச் சொல்லியிருக்கிறேன்.

எனக்குப் பயமாயிருக்கிறது. அம்மாவைக் கட்டையில் வைத்தபோதுகூட எனக்கு இப்படி இருக்கவில்லை. பிள்ளை நிஷாந்தினியைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளும். அவளுக்கு ஒன்றும் சொல்ல வேண்டாம்.

உடனே பதில் போடும். அது எத்தனை நாளில் வந்தாலும் வரட்டும், நான் படலையடியில்தான் இருப்பேன். ஒன்று மட்டும் கேட்கிறேன். கடிதத்தின் அடியில் தவமணியின் கையெழுத்து இருக்கட்டும். 97இல் கிளினிக் அட்டை எழுதியபோது அவள் கைநாட்டுத்தான் வைத்தாள். ஆறாம் வகுப்புவரை படித்தவள், பேனா பிடிக்க அன்று கையில் பலமில்லை. ஆத்தாள் மருந்து என்று மூன்று மாதம் தவறாமல் மாத்திரை எடுத்த பிறகு, ஐயா அந்தப் பேனாவைக் கொஞ்சம் குடுங்க என்று கேட்டு வாங்கி, கைநாட்டுக்குப் பக்கத்தில் தன் பெயரை எழுதினாள். எழுதிவிட்டு நிமிர்ந்து உம்மைப் பார்த்துச் சிரித்தாள். அந்தச் சிரிப்பைக் கண்ட பிறகுதான் நான் என்னைப் பெரிய வைத்தியன் என்று நினைக்கத் தொடங்கினேன்.

நாலே நாலு எழுத்து. அவளே எழுதட்டும், நீர் எழுதிக் கொடுக்க வேண்டாம். எழுத முடியவில்லை என்றால் கைநாட்டு என்றாலும் போதும், அழகையா.

உங்கள் மூவருக்கும் என் ஆசி.

க. இளையதம்பி